செருப்பில் செருகல் இல்லை

‘காலைச் செருகுவதால் செருப்பு’ என்று அம்பத்தூர்ப் பக்கம் ஓர் இலக்கியக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார், கைதட்டல் எழுந்தது. அடுத்தவர் அது கொச்சைச் சொல் என்றும், கோயில் வாசலில் ‘காலணி’ என்றே எழுத வேண்டும் என்றும் முழங்கினார். ஆவடியையே ஆங்கிலத் தலைப்பெழுத்துகளாக விரிப்பவர்களிடம் வேறென்ன கிடைக்கும்!

கொச்சையா? கண்ணப்பரின் பூசையைத் திருத்தோணோக்கத்தில் பாடும் மணிவாசகர் செருப்பைச் சீரடிக்குப் பக்கத்திலேயே வைத்தார். அவருக்கு வராத கூச்சம் திருமுல்லைவாயிலில் பலகை எழுதுபவருக்கு எதற்கு? பதிற்றுப்பத்தின் 21ஆம் பாட்டோ, பூழியரின் செருப்பு மலையைச் சொல்லும்போது ‘மிதிக்கிற செருப்பன்று’ என விலக்கும் அடைமொழி ஒன்றைச் சேர்க்கிறது. காலில் கிடந்த செருப்பு அன்றே எல்லார் வாயிலும் புழங்கியதால்தானே விலக்க நேர்ந்தது?

பெரும்பாணாற்றுப்படையில் வரும் தொடுதோலும் இதே பொருள்தான். காலைத் தொடுவதால் தொடுதோல் என்பார் உளர், பேச வேண்டாம். தொடுதல் என்றால் அணிதல். கன்னடத்தார் இன்றும் துணியைத் ‘தொடு’கிறார்கள். நம் தொடி என்னும் வளையும் அப்படி வந்ததே.

பின் கொச்சை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? ஜப்பானின் இமேஜிக் கோட்டையில் கழற்றிய செருப்பைப் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோகலாம். நமக்கு வாசலிலேயே ‘விட’ வேண்டும். பூவிருந்தவல்லி வரதராசர் சன்னதிக்குள் அப்படி விட்டு வந்தவர் தலையிலேயே பெருமாளின் பாதுகை சடாரியாக ஏறுகிறது. வேதாந்த தேசிகர் 1008 சுலோகம் பாடியதும் பாதுகைக்கே. வடசொல் தலைக்கு ஏறிற்று, தமிழ்ச்சொல் வெளியே நின்றது. கொச்சை என்ற எண்ணம் இந்த ஏற்பாட்டில் பிறந்திருக்க வேண்டும்.

செருகல் கதைக்கு வருவோம். மலையாளத்தில் செரிப்பு, தெலுங்கில் செப்பு, கன்னடத்திலோ கெர. செவிக்குக் கிவி, சேரிக்குக் கேரி என்பதுபோல் பழைய ககரம் அங்கே தங்கிவிட்டது, தமிழில் சகரமாயிற்று. செருகலோ கன்னடத்திலும் சகரத்தோடுதான் நிற்கிறது. ஆகவே அது வேறு வேர்.

பின் எது வேர்? தோலை மயிர் போகச் சுரண்டிப் பதப்படுத்தாமல் செருப்புத் தைக்க முடியாது. கன்னடத்தில் கெரெ என்றால் சுரண்டு. நம் சிரைத்தல் அதற்கு உறவு. சுரண்டிய தோலே கெர, அதுவே செருப்பு. கல்வெட்டு உண்டா, உரை உண்டா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான் இதை விடுவதாக இல்லை.