அலைப்பட்டைப் பொருத்தம்: மதுரை வட்டாரம்

அலைப்பட்டைப் பொருத்தம் என்பது, ஒரு செல்பேசியால் பயன்படுத்த முடிந்த அலைவரிசைகளும் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் ஓர் ஊரின் டவர்களில் இயக்கும் அலைவரிசைகளும் ஒன்றுபடுவதாகும். செல்பேசிக் கடைகளில் இதைப் 'பேண்ட் சப்போர்ட்' என்பார்கள். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் '4ஜி', '5ஜி' என்பவை தொழில்நுட்பத் தலைமுறையை மட்டுமே சொல்கின்றன. எந்தெந்தப் பட்டைகளில் அது வேலை செய்யும் என்பதைச் சொல்வதில்லை. ஒரே பெயரில் விற்கும் செல்பேசியின் இந்திய வடிவமும் வெளிநாட்டு வடிவமும் பட்டைகளில் வேறுபடலாம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த செல்பேசி, பழைய செல்பேசி, நிறுவனம் மாறும்போது கையில் இருக்கும் செல்பேசி ஆகிய மூன்றுக்கும் இந்தச் சரிபார்ப்பு தேவைப்படுகிறது.

பட்டையும் சர்க்கிளும்

அலைக்கற்றையைப் பல பட்டைகளாகப் பிரித்து எண்ணிட்டிருக்கிறார்கள். 4ஜி பட்டைகளுக்கு வெறும் எண். 5ஜி பட்டைகளுக்கு எண்ணின் முன் 'என்' என்ற எழுத்து. பேண்ட் 3இல் செல்பேசி 1710–1785 மெகாஹெர்ட்ஸில் டவருக்கு அனுப்புகிறது. டவர் 1805–1880 மெகாஹெர்ட்ஸில் பதில் தருகிறது. பேண்ட் 40இல் அப்படி இரு தடங்கள் இல்லை. 2300–2400 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே தடத்தில் அனுப்புதலும் பெறுதலும் மாறி மாறி நடக்கின்றன.

இந்திய அரசு அலைக்கற்றையை 22 உரிமப் பகுதிகளாகப் பிரித்து ஏலம் விடுகிறது. சர்க்கிள் என்று வழங்கும் இந்தப் பகுதிகளில் மதுரை, தமிழ்நாடு சர்க்கிளைச் சேர்ந்தது. சென்னையும் புதுச்சேரியும் அதே சர்க்கிளில் அடங்கும். ஒரு நிறுவனத்துக்கு மும்பையில் இருக்கும் பட்டை மதுரையில் இல்லாமல் போகலாம். ஆகவே 'இந்தியாவில் வேலை செய்யும்' என்ற பொதுவான உறுதி போதாது.

வழக்கில் உள்ள பட்டைகள்

பேண்ட் 28 (700 மெகாஹெர்ட்ஸ்): பி.எஸ்.என்.எல். 4ஜி. இதன் 5ஜி வடிவமான என்28ஐ ஜியோ பயன்படுத்துகிறது.
பேண்ட் 5 (850 மெகாஹெர்ட்ஸ்): ஜியோ 4ஜி.
பேண்ட் 8 (900 மெகாஹெர்ட்ஸ்): பல சர்க்கிள்களில் ஏர்டெல், வீ; பழைய 2ஜியின் முதன்மைப் பட்டையும் இதுவே.
பேண்ட் 3 (1800 மெகாஹெர்ட்ஸ்): தனியார் நிறுவனங்கள் மூன்றுக்கும் பொதுவான 4ஜி பட்டை.
பேண்ட் 1 (2100 மெகாஹெர்ட்ஸ்): முன்பு 3ஜி, இப்போது ஏர்டெல், வீ, பி.எஸ்.என்.எல். 4ஜி.
பேண்ட் 40 (2300 மெகாஹெர்ட்ஸ்): ஜியோ, ஏர்டெல் 4ஜி.
என்78 (3300 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும்): நகரங்களின் முதன்மை 5ஜி பட்டை.

தமிழகத்தில் பேண்ட் 40க்கு ஒரு தனிக்கதை உண்டு. இங்கு அந்தப் பட்டையின் ஒரு பகுதி ஏர்செல் நிறுவனத்திடம் இருந்தது. 2016இல் தமிழ்நாடு உட்பட எட்டு சர்க்கிள்களில் ஏர்செல்லின் 2300 மெகாஹெர்ட்ஸ் உரிமையை ஏர்டெல் சுமார் 3,500 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் மனு கொடுத்தபோது, அதன் வாடிக்கையாளர்கள் எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனங்களுக்குப் போக முண்டியடித்தார்கள். எண் கூடவே வந்தாலும், புதிய நிறுவனத்தின் பட்டை கையிலிருக்கும் செல்பேசியில் உண்டா என்பது வேறு கேள்வி.

5ஜி அலைக்கற்றை ஏலம் 2022 ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 1 வரை நடந்தது. அதே ஆண்டு அக்டோபர் 1இல் நாட்டில் 5ஜி சேவை தொடங்கியது. மதுரைக்கு 2023 ஜனவரியில் வந்தது. பி.எஸ்.என்.எல்.லின் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி வலையமைப்பு 2025 செப்டம்பர் 27இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

நிலமும் அலையும்

700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 43 சென்டிமீட்டர்; 3500 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரே வகை ஆண்டெனாக்களைக் கொண்டு ஒரே தூரத்தில் அளந்தால், தடையற்ற வெளியிலும் இரண்டாவது அலை முதலாவதன் 25இல் ஒரு பங்கு வலுவோடுதான் வந்து சேரும். சுவரும் கான்கிரீட்டும் அதை மேலும் குறைக்கும். அகலமான தடம் கிடைப்பதால் உயர்பட்டை வேகம் தரும். தாழ்பட்டை தூரம் தரும்.

மாசி வீதி, வெளி வீதி போன்ற நெருக்கமான தெருக்களுக்கு அடுத்தடுத்து டவர் வைத்து உயர்பட்டையில் சேவை தரலாம். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கத்துக் கிராமங்களில் வீடுகளுக்கிடையே வயலும் கண்மாயும் விரிந்திருப்பதால் ஒரு டவர் நெடுந்தூரம் எட்ட வேண்டும். நாகமலை, யானைமலை, அழகர்மலை போன்ற குன்றுகளின் மறைவில் உயர்பட்டை எளிதில் மங்கும். எனவே பேண்ட் 3 மட்டும் உள்ள செல்பேசி ஜியோ சிம்மோடு நகருக்குள் குறையின்றி ஓடலாம். பேண்ட் 5 இல்லாத குறை ஊர் எல்லையைத் தாண்டியபின் தெரியவரலாம். கடை வாசலில் சிம் போட்டுப் பார்த்ததும் சிக்னல் கிடைப்பது பாதிச் சான்றே.

சரிபார்க்கும் முறை

முதலில் செல்பேசியின் மாடல் எண்ணை அறிய வேண்டும். ஆண்ட்ராய்டில் அமைப்புகளில் உள்ள 'செல்பேசி பற்றி' பகுதியில் அது இருக்கும். ஐபோனில் 'பொது', 'அறிமுகம்' என்று போய், மாடல் எண்ணை ஒருமுறை தொட்டால் 'ஏ' என்று தொடங்கும் எண் தோன்றும். விற்பனைப் பெயரை வைத்துத் தேடினால் வேறு நாட்டு வடிவத்தின் விவரம் வந்துவிடக்கூடும்.

அடுத்து, தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடல் எண்ணுக்குரிய பட்டைப் பட்டியலை எடுத்து, நிறுவனம் தமிழ்நாடு சர்க்கிளில் இயக்கும் பட்டைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். தாழ்பட்டை ஒன்றாவது பொருந்துகிறதா என்பதைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

*#06# அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் தெரியும். அதன் முதல் எட்டு இலக்கங்கள் மாடலைக் குறிப்பவை. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் இந்த எண்ணைக் கொடுத்தால் தயாரிப்பாளர், மாடல், எண்ணின் நிலை ஆகியவை தெரியும். பழைய செல்பேசி வாங்கும்போது திருட்டுப் பொருளாகத் தடைசெய்யப்பட்டதா என்று பார்க்க இது உதவும். பட்டை விவரத்தை இது தராது.

பார்க்கும் நேரத்தில் செல்பேசி எந்தப் பட்டையில் இணைந்திருக்கிறது என்பதை ஐபோனில் *3001#12345#* என்ற எண்ணும், பல சாம்சங் மாடல்களில் *#0011# என்ற எண்ணும் காட்டும். வீட்டுக்குள்ளும் வெளியிலும் பார்த்தால் பட்டை மாறுவதைக் காணலாம்.

பட்டை இருந்தும் வேலை செய்யாமை

பட்டை பொருந்துவது மட்டும் சேவையை உறுதிசெய்யாது. 2016 செப்டம்பர் 5இல் தொடங்கிய ஜியோவுக்கு 2ஜியும் 3ஜியும் கிடையாது. குரல் அழைப்பும் 4ஜி வழியேதான் போகும். இதற்கான வோல்டி வசதி இல்லாத 4ஜி செல்பேசிகளில் இணையம் வந்தும் நேரடியாகப் பேச முடியவில்லை. தனிச் செயலி தேவைப்பட்டது.

5ஜியிலும் இதே சிக்கல் எழுந்தது. 2022 அக்டோபரில் என்78 பட்டை கொண்ட பல செல்பேசிகள், தயாரிப்பாளரின் மென்பொருள் அனுமதிக்காததால் 5ஜியில் இணையவில்லை. ஐபோன்களுக்கு அந்த அனுமதி டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 16.2 பதிப்பில் கிடைத்தது. மேலும் ஜியோவின் 5ஜி தொடக்கம் முதலே தனித்து இயங்குவது. ஏர்டெல் முதலில் 4ஜியைத் துணைகொண்டு இயங்கும் வகையைத் தேர்ந்தது. செல்பேசி எந்த வகையை ஏற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுச் செல்பேசிகள்

ஐபோன் 6இன் ஏ1549 என்ற அமெரிக்க வடிவத்தில் பேண்ட் 40 இல்லை. ஏ1586 வடிவத்தில் உண்டு. தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. இன்றைய உயர்விலை மாடல்கள் ஏராளமான பட்டைகளை ஏற்பதால் இந்த இடைவெளி சுருங்கியிருக்கிறது. விலை குறைந்த மாடல்களில், அவை விற்பனையாகும் நாட்டின் பட்டைகளோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் தொடர்கிறது. வெளிநாட்டு நிறுவனமொன்று தன் சிம் மட்டுமே ஏற்கும்படி பூட்டிய செல்பேசியில், எல்லாப் பட்டைகளும் இருந்தாலும் மதுரை சிம் வேலை செய்யாது. செல்பேசியை விற்ற நிறுவனத்தால் அந்தப் பூட்டை மென்பொருள் வழியே நீக்க முடியும். பட்டை இல்லாத குறை வன்பொருளைச் சார்ந்தது என்பதால், அதற்குப் பின்னால் செய்யக்கூடிய திருத்தம் இல்லை.