வளைந்த வட்டம்

நார்த்தாமலையில் மேலமலை ஏறி விஜயாலய சோழீஸ்வரத்தின் முன் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மறைப்பே இல்லை. நில அளவையாளர்கள் தேடித் திரிந்தது இத்தகைய மொட்டைப் பாறைகளைத்தான். வடகிழக்கே தஞ்சை வயல்வெளியிலோ ஏறி நிற்க ஒரு குன்றும் கிடையாது. அதனால்தான் 1808இல் நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் தன் பெரிய தியோடலைட்டைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றத் துணிந்தார். அந்தக் கோயிலுக்குக் கல் போனது நார்த்தாமலைப் பக்கமிருந்துதான் என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள்.

கோணம் அளக்கும் தொலைநோக்கிதான் தியோடலைட். இதைச் செய்தவர் லண்டன் கைவினைஞர் வில்லியம் கேரி. கிடைவட்டம் 36 அங்குலம், நிலைவட்டம் 18 அங்குலம், எடை சுமார் அரை டன். சென்னைக்கு வரும் வழியிலேயே பிரெஞ்சுக் கப்பலிடம் சிக்கி மொரீஷியஸ் போனது. அறிவியலுக்கான கருவி என்பதை உணர்ந்த பிரெஞ்சு ஆளுநர், மரியாதைக் கடிதத்தோடு அதைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். 1802இல் லாம்ப்டன் கைக்கு வந்தது.

தஞ்சையில் மேலே ஏற்றும்போது தாங்குகயிறு அறுந்தது. பெட்டியோடு கருவி கோபுரச் சுவரில் மோதியது. அளவுக்கோடுகள் பொறித்த பெரிய வட்டம் நெளிந்தது, ஆரக்கால்கள் வளைந்தன. கோணத்தைச் சொல்வதே அந்த வட்டம்தான். அது கோணினால் எவ்வளவு நல்ல லென்ஸும் பயன்படாது.

லாம்ப்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டார். படைக்கலத் துறைக் கம்மியர்களைத் தவிர யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை. கருவியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார். அகலமான பலகையில் சரியான அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு நெளிந்த பித்தளையைச் சிறிது சிறிதாக இழுத்து அந்த வட்டத்தோடு பொருத்தினார். ஆரக்கால்களைச் சிறிய கொட்டாப்புளிகளால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரத்தில் வட்டம் ஏறக்குறையப் பழைய வடிவுக்குத் திரும்பியது.

இப்படி நிமிர்த்திய கருவியை எப்படி நம்புவது? பழைய தொலைநோக்கியை எடைபோடுவோர் முதலில் செய்பவரின் பெயர்ப் பொறிப்பைப் பார்ப்பார்கள். பிறகு லென்ஸின் ஓரச் சில்லுகளையும் பூஞ்சணத்தையும் பார்ப்பார்கள். ஒளியின் தரத்துக்கு ஒரு பிரகாசமான விண்மீன் போதும். கண்ணருகு லென்ஸைக் குவியத்துக்கு உள்ளும் வெளியும் நகர்த்தினால் தோன்றும் வளையங்கள் வட்டமாகவும் இருபுறமும் ஒன்றுபோலவும் இருக்க வேண்டும். அளவைக் கருவிக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் தனித்தனியே அளந்து கூட்டினால் 180 பாகையும், பூமியின் வளைவால் சேரும் சிறு மிகையும் வர வேண்டும். கூடுதலோ குறைவோ வந்தால் பிழை தானே வெளிப்படும். வட்டத்தின் வெவ்வேறு பகுதிகளில் அதே கோணத்தைத் திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுத்தால், கோடுகளில் எஞ்சிய கோணலும் பெருமளவு கழிந்துவிடும். தழும்பு விழுந்த கருவியை நம்பத் தகுந்ததாக்குவது இந்தப் பொறுமைதான்.

1823இல் ஹிங்கன்காட்டில் லாம்ப்டன் இறந்தார். கருவி, அவருக்குப் பின் அளவைப் பணியைத் தொடர்ந்த ஜார்ஜ் எவரெஸ்ட் பொறுப்புக்குப் போனது. 1830களில் அதைச் செப்பனிட்டவர் ஹென்றி பாரோ. அவருக்குப் பின் அரசுக் கருவிப் பணிமனைக்குப் பொறுப்பேற்றவர் ஆற்காட்டுக்காரரான சையத் மீர் மொஹ்சின் உசேன். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவருடைய கைத்திறனைக் கண்டு கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றவர் தலைமை நில அளவையாளர் பிளாக்கர். ஐரோப்பியருக்கே உரியதாயிருந்த அந்தப் பதவி 1843இல் நம் மண்ணில் பிறந்த ஒருவருக்கு வந்தது.

இன்று அந்தப் பெரிய தியோடலைட் டேராடூனில் இந்திய நில அளவைத் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதைக் காணப் போகிறவர் லென்ஸை மட்டும் பார்த்துத் திரும்பிவிடக் கூடாது. பித்தளை வட்டத்தையும் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டும். தஞ்சையில் ஆறு வாரம் கொட்டாப்புளி பிடித்த, பெயர் தெரியாத கம்மியர்களின் உழைப்பும் அதன் வரலாற்றில் சேர்ந்ததுதான்.