வாக்கர் எதன் மேல் நடந்தார்?

முகத்துக்குப் போடுற முல்தானி மிட்டி பாக்கெட் வீட்டில் இருந்தால் ஒரு தடவை திருப்பிப் பாருங்க. பல பாக்கெட்டுகளில் 'ஃபுல்லர்ஸ் எர்த்' என்று ஆங்கிலத்தில் போட்டிருப்பாங்க. அதாவது, ஃபுல்லருடைய மண். யார் இந்த ஃபுல்லர்? அவருக்கு எதுக்கு மண்ணு?

ஃபுல்லர் என்பது ஆள் பெயர் இல்லை, வேலையின் பெயர். அந்த ஒரே வேலையிலிருந்து இங்கிலாந்தில் மூன்று குடும்பப் பெயர்கள் வந்தன: ஃபுல்லர், டக்கர், வாக்கர். 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' பால் வாக்கர், 'ரஷ் ஹவர்' கிறிஸ் டக்கர், ரெண்டு பேருடைய சர்நேமும் ஒரே தொழில்தான். வாக்கர் என்றால் ஊர் ஊராக நடந்தவர் என்று நினைக்கத் தோணும். நடந்தது உண்மைதான். ஆனால் ஒரு தொட்டிக்குள்ளேயே.

தறியிலிருந்து இறக்கின கம்பளித் துணியை அப்படியே உடுத்த முடியாது. நெசவு தளர்வா இருக்கும், இழைகளுக்கு நடுவில் வெளிச்சம் தெரியும். ஆட்டு ரோமத்தின் கொழுப்பு வேற ஒட்டியிருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, தண்ணீரும் எண்ணெயை உறிஞ்சுற களிமண்ணும் சேர்த்து, மணிக்கணக்கா காலால் மிதிப்பாங்க. நம்ம முல்தானி மிட்டி செய்யுற வேலையும் அதேதான், எண்ணெயை இழுக்கிறது. இன்னொரு சரக்கும் உண்டு: புளிக்க வைத்த சிறுநீர். அதிலிருக்கும் அம்மோனியா அழுக்கை அறுக்கும். ரோமாபுரியில் இதற்கு அவ்வளவு கிராக்கி இருந்ததால்தான் வெஸ்பாசியன் என்ற பேரரசர் சிறுநீருக்கே வரி போட்டார். மிதிக்க மிதிக்க ரோமம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கி, தடிச்சு, குளிர் தாங்குகிற கம்பளியாகும். அப்புறம் வெளியே சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கிகளில் மாட்டிக் காய வைப்பாங்க. பதற்றத்தில் இருப்பவரை ஆங்கிலத்தில் 'ஆன் டென்டர்ஹூக்ஸ்' என்று சொல்றாங்களே, அது இந்தக் கொக்கிகள்தான்.

ஒரே வேலைக்கு ஏன் மூன்று பெயர்? வட்டாரம்தான் காரணம். தென்கிழக்கில் ஃபுல்லர், அதன் வேர் லத்தீன். தென்மேற்கில், டெவன் பக்கம், டக்கர். துன்புறுத்துவது என்ற பொருள் கொண்ட பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. துணி பட்ட பாடு அப்படி! எக்சிட்டர் நகரத்தில் 1471-இல் கட்டின அவர்களுடைய சங்கக் கட்டடம் 'டக்கர்ஸ் ஹால்' இன்னும் நிற்குது. வடக்கிலும் நடுநாட்டிலும் வாக்கர். 'வாக்' என்ற சொல்லின் பழைய வடிவத்துக்கு உருட்டுவது, புரட்டுவது என்றுதான் பொருள். கால்நடையாகப் போவது என்ற அர்த்தம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஆக, வாக்கர் என்கிற குடும்பப் பெயரில் இருப்பது அந்தச் சொல்லின் பழைய அர்த்தம்.

இந்தப் பெயர்கள் பரம்பரையாக இறங்க ஆரம்பித்தது, ஏறக்குறைய 11-ஆம் நூற்றாண்டுக்கும் 14-ஆம் நூற்றாண்டுக்கும் நடுவில். ஊருக்குப் பத்து ஜான் இருந்தால் வரி வாங்க வருகிறவன் என்ன செய்வான்? தொழிலைச் சேர்த்து எழுதிக்கொள்வான். மகன் வேறு வேலைக்குப் போனாலும் பெயர் மட்டும் கூடவே போனது.

அதே காலத்தில்தான் காலால் மிதிக்கிற வேலைக்கே ஒரு போட்டி வந்தது. தண்ணீர்ச் சக்கரம் சுழன்று மரச் சுத்தியல்களைத் தூக்கித் தூக்கித் துணி மேல் போடுகிற ஆலை. டெம்ப்ளர் வீரத் துறவிகளின் நிலக் கணக்கில் 1185-லேயே இப்படிப்பட்ட ஆலைகள் பதிவாகியிருக்கு. எலியனோரா காரஸ்-வில்சன் என்ற வரலாற்றாசிரியர் 1941-இல் எழுதின கட்டுரையில் இதைப் 'பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொழில் புரட்சி' என்றே சொன்னார். அது கொஞ்சம் மிகை என்று மறுத்தவர்களும் உண்டு. எனக்கு அந்தத் தலைப்பைவிட ஆலை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விதான் முக்கியமாப் படுது. பல இடங்களில் நிலப்பிரபுவுக்கும் மடத்துக்கும் சொந்தம்.

செயின்ட் ஆல்பன்ஸ் ஊரை எடுத்துக்குவோம். அங்கே மடாதிபதி ஆலை வைத்திருந்தார். துணியை என் ஆலைக்குத்தான் கொண்டு வரணும், கூலியும் கொடுக்கணும் என்றார். ஊர்க்காரங்க, எங்க காலு இருக்கு, எங்க தொட்டி இருக்கு என்று வீட்டிலேயே மிதித்தாங்க. 1274-இல் சண்டை முற்றி மன்னரின் நீதிமன்றம் வரை போனது. ஊர்தான் தோற்றது. மாவு அரைப்பதிலும் இதே கதை. 1330-களில் வீடுகளிலிருந்து கைத்திரிகைகளைப் பறித்துக்கொண்டு போய், மடத்து அறையில் தரைக்கல்லாகப் பதித்தார்கள்! எப்பேர்ப்பட்ட திமிர் பாருங்க. ஊர் அதை மறக்கவில்லை. 1381 விவசாயிகள் கிளர்ச்சியில் உள்ளே புகுந்து அந்தக் கல்லைப் பெயர்த்து, ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போனாங்க.

கடைசியில் துணி மிதிப்பதில் சுத்தியல்தான் ஜெயித்தது. ஆனாலும் ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளில் 20-ஆம் நூற்றாண்டு வரை பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டே ஈரத் துணியைக் கையால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

வாக்கர் என்ற பெயர் இருக்கிற எல்லோருக்கும் துணி மிதித்த பாட்டன் இருந்தார் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள் பலருக்கு வந்து சேர்ந்தது எஜமானின் குடும்பப் பெயர். அங்கே 'வாக்கர்' காட்டுவது தொழிலை இல்லை, யார் யாரைச் சொந்தம் கொண்டாடினார்கள் என்பதைத்தான். சர்நேமை அடித்தால் குடும்பச் சின்னம் அச்சடித்துத் தருகிற வெப்சைட்டுகளை நம்பிடாதீங்க. சின்னம் கொடுத்தது தனி ஆளுக்கு, பெயருக்கு இல்லை.

சின்னம் என்றதும் ஒரு பாட்டில் நினைவுக்கு வந்திருக்கும். ஸ்காட்லாந்தின் கில்மார்னக்கில் 1820-இல் மளிகைக் கடை வைத்த ஜான் வாக்கரின் பெயரில் வருகிற விஸ்கி. 1908-இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் அதற்குத் தொப்பியும் கைத்தடியுமாக வேகமாக நடக்கிற ஒரு கனவானை வரைந்து கொடுத்தார். அந்த ஆள் காலில் போட்டிருப்பது நல்லா பளபளக்கிற முழங்கால் பூட்ஸ்.