தண்டோராவும் தரிசு நிலமும்

நிலம் பற்றிய சட்டம் எதுவாயினும் அதில் இரு பகுதிகள் உண்டு. யாருக்கு என்ன உரிமை என்று கூறுவது ஒன்று. அவ்வுரிமை பற்றிய செய்தி உரியவரை எவ்வழியே சென்றடைய வேண்டும் என்று கூறுவது மற்றொன்று. முன்னதைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். பின்னதைப் பொருட்படுத்தியோர் சிலரே. ஆயின் நம் மக்கள் நிலம் இழந்த வரலாற்றை ஆராயுங்கால், இழப்பின் பெரும்பங்கு அந்த இரண்டாம் பகுதியிலேயே நிகழ்ந்தது என்பது புலனாகும்.

செங்கற்பட்டு மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு மிராசுதாரர்கள் தம் பட்டா நிலத்தின் மீது மட்டுமன்றி, ஊரின் தரிசின் மீதும் முன்னுரிமை பெற்றிருந்தனர். தரிசு வேண்டுவோர் தர்க்காஸ்து மனுக் கொடுக்க வேண்டும். மனு வந்தவுடன் ஊரில் விளம்பரம் செய்யப்படும். மிராசுதாரர் தமக்கு வேண்டும் என்றால் நிலம் அவருக்கே. அவர் வேண்டாவிடில் ஊரிலுள்ள ஏனைய பட்டாதாரர்களுக்கு. அவர்களும் வேண்டாவிடில்தான் பிறருக்கு. மனுவைப் பற்றி முதலில் அறிபவர்கள் கர்ணமும் மணியக்காரரும். அவர்கள் மிராசுதாரராகவோ மிராசுதாரரின் உறவினராகவோ இருப்பதே வழக்கம். ஆகவே பண்ணையாள் ஒருவர் ஒரு காணித் தரிசு கேட்டு மனுச் செய்தால், அம்மனுவே அவருடைய ஆண்டைக்கு எச்சரிக்கை மணியாயிற்று. நிலம் கிட்டாதது ஒருபுறமிருக்க, கூலி வேலையும் போயிற்று. ஆண்டையின் மனையில் இருந்த குடிசையும் போயிற்று.

அந்த விளம்பரத்தை ஊரில் பறையறைந்து அறிவித்தவர் யார்? வெட்டியான் என்றும் தோட்டி என்றும் அழைக்கப்பட்ட நம் முன்னோரே. ஏலம், வரி, தண்ணீர் முறை, அதிகாரி வருகை ஆகிய எல்லாச் செய்திகளையும் ஊராருக்குக் கொண்டு சென்றவர்கள் அவர்கள். அலுவலகச் சுவரில் ஒட்டிய தாளில் தம் நிலத்தைப் பற்றி என்ன எழுதியிருந்தது என்பதைப் படித்தறியும் கல்வி மட்டும் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது.

இந்நிலையை அரசின் முன் எடுத்துவைத்தவர் செங்கற்பட்டின் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர். தாழ்த்தப்பட்டோரின் குடியிருப்பு, கடன், நிலமின்மை ஆகியவற்றை விரிவாக எடுத்துரைத்து 1891ஆம் ஆண்டில் அவர் அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் அரசாணை பிறந்தது. நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட அந்நிலங்களே பஞ்சமி நிலங்கள் எனப் பெயர் பெற்றன. பத்தாண்டுகள் வரை நிலத்தை எவருக்கும் விற்கலாகாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்டோருக்கன்றி வேறெவருக்கும் விற்கலாகாது என்பன நிபந்தனைகள். இரயத்துவாரி முறையை மாணாக்கர்க்கு மனப்பாடம் செய்விக்கும் நம் பாடநூல்கள் இவ்வாணையைப் பற்றி ஒரு வரியேனும் கூறலாம்.

நிபந்தனை தாளில் இருந்தது. நிலமோ கடனுக்கு ஈடாகவும், கைநாட்டுப் பத்திரம் மூலமாகவும் பிறர் கைக்கு மாறிற்று. 1979 முதல் 1987 வரை தமிழகத்தில் நிலப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டபோது, பழைய பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் இருந்த நிபந்தனை பல ஊர்களில் புதிய பதிவேட்டில் ஏறவில்லை என்பது பஞ்சமி நில மீட்புக்காகப் போராடுவோரின் நெடுநாள் முறையீடு. காரணை நிலத்தின் பொருட்டு எழுந்த கிளர்ச்சியில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் காவல் துறையினர் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் நீத்தனர்.

இனி மறுபக்கத்தையும் நோக்குவோம். நம் மக்களுக்கு வீட்டு மனை வழங்குவதற்காகவே தமிழக அரசு 1978ஆம் ஆண்டில் நில எடுப்புச் சட்டம் ஒன்றை (31/1978) இயற்றியது. 1894ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் நீண்ட நடைமுறையைச் சுருக்கி, மாவட்ட அரசிதழில் ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு நிலத்தை எடுக்க அது வழி செய்தது. இழப்பீட்டைத் தவணையில் தரும் பிரிவை மட்டும் நீக்கி, ஏனைய வகையில் சட்டம் செல்லும் என 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் உரிமையாளருக்கு உரிய அறிவிப்புத் தரவில்லை, அவர் ஆட்சேபணையைச் சரிவர விசாரிக்கவில்லை என்னும் காரணங்களால் உயர் நீதிமன்றத்தில் வீழ்ந்த எடுப்புகள் பல. மனை கிடைக்கும் எனக் காத்திருந்தோர் வெறுங்கையுடன் நின்றனர். நீதிமன்றத்தை நாம் குறை கூறவில்லை. அறிவிப்பின்றி எவர் நிலத்தையும் எடுத்தல் தவறே. அறிவிப்பில் ஓர் எழுத்துக் குறைந்தாலும் நிலம் உடையார்க்கு வழக்கறிஞர் உண்டு. நம் பஞ்சமி நிலம் கைமாறியபோது நமக்கு அறிவிப்பும் இல்லை, அதைக் கேட்க வழக்கறிஞரும் இல்லை என்பதையே சுட்டுகின்றோம்.

விளம்பர விதிகளும் காலந்தோறும் விரிந்து வந்துள்ளன. 1894ஆம் ஆண்டுச் சட்டம் அரசிதழையும், அவ்விடத்தில் ஒட்டப்படும் அறிவிப்பையும் கூறியது. 1984ஆம் ஆண்டுத் திருத்தம் இரு நாளிதழ்களைச் சேர்த்தது. அவற்றுள் ஒன்றேனும் வட்டார மொழியில் இருத்தல் வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஊராட்சி, தாசில்தார், ஆட்சியர் அலுவலகங்களிலும் இணையத்திலும் அறிவிப்பை வெளியிடச் சொல்கிறது. ஆட்சேபணைக்கு 60 நாள் தருகிறது. எனினும் 1978ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளிட்ட மூன்று மாநிலச் சட்டங்கள் தமிழகத்தில் தனியே நடைமுறையில் உள்ளன; அவற்றுக்கு உயிரூட்டிய 2019ஆம் ஆண்டுச் சட்டத்தை 2021இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

தண்டோராப் போடும் வழக்கமும் ஓய வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்றார். நம்மவர் தோளிலிருந்து பறை இறங்கியது நன்றே. இனி அச்செய்தி சேரித் தெருவினுள்ளும் வருகிறதா, ஊர்த் தெருவோடு திரும்பிவிடுகிறதா என்பதைக் கவனித்தல் வேண்டும். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் பழைய நிலப் பதிவேட்டின் நகலைக் கேட்டுப் பெறலாம். கேட்கும்போது புதுப்பித்தலுக்கு முந்தைய பதிவேடு என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். குறிப்புக் கலத்தையும் சேர்த்து நகலெடுத்துத் தரும்படி எழுத வேண்டும்.