ஊழியம்

பெருங்களத்தூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவரிடம் "என்ன வேலை?" என்று கேட்டால், சிலர் "ஊழியம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். வீட்டுக்காரர் கிறிஸ்தவரென்றால் சபைப் பணி என்று புரிந்துகொள்வார். இல்லையென்றால், "எந்த டிபார்ட்மெண்ட் சார்?" என்பார். அரசு ஊழியரும் ஊழியர்தானே.

தெலுங்கில் ஊடிகமு, கன்னடத்தில் ஊளிக என்று இதற்கு உறவுச் சொற்கள் உண்டு. மேலோருக்கோ தெய்வத்துக்கோ செய்யும் தொண்டு என்பது பழைய பொருள். திருவிதாங்கூரில் இதற்குக் கொடிய முகம்: கூலி தராமல் வாங்கிய கட்டாய வேலைக்கு அங்கே ஊழியம் என்று பெயர். நாடார்களும் பிற ஒடுக்கப்பட்டோரும் சர்க்காருக்குச் சுமை தூக்கினார்கள். 1810-களில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோ காலத்தில், கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறன்று அதிலிருந்து விலக்கு கிடைத்தது. ஓர் ஊழியத்துக்கு விடுப்பு வாங்கி இன்னோர் ஊழியத்துக்குப் போயிருக்கிறார்கள்!

இன்று சபைப் பேச்சில் இந்தச் சொல் சுருங்கி, மைக் பிடிப்பவரின் வேலையாகிவிட்டது. பவுல் அப்படிப் பார்க்கவில்லை. கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில், எஜமானுக்குச் செய்யும் வேலையையும் கர்த்தருக்கென்றே மனதாரச் செய்யும்படி அடிமைகளுக்குச் சொல்கிறார். அந்தக் கணக்குப்படி, நைட் டியூட்டி முடித்து முதல் மின்சார ரயிலில் பெருங்களத்தூர் திரும்பும் நர்ஸம்மாவும் முழுநேர ஊழியர்தான்.