ஏழு நாள், ஒரு சைக்கிள், அஸ்தம்பட்டி கிரவுண்டு

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே. பொறுத்துக்கோங்க, சரித்திரம் பின்னாடியே வருது.

1983. கபில்தேவ் கோப்பையைத் தூக்கிக்கிட்டு நின்ன வருஷம். நான் நாலாங்கிளாஸ். அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு காலி கிரவுண்டு இருந்தது. ஒரு நாள் அங்கே நாலு சவுக்குக் கம்பு நட்டு, சீரியல் பல்பு கட்டி, குழாய் ஸ்பீக்கர்ல பாட்டு போட்டாங்க. ஒருத்தர் ஏழு நாள் கீழே இறங்காம சைக்கிள் ஓட்டப் போறார்னு ரிக்‌ஷாவுல மைக் கட்டி ஊரெல்லாம் சொல்லிட்டுப் போனாங்க.

உங்க ஊர்லயும் பாத்திருப்பீங்க. சைக்கிள்லயே பல்லு விளக்குவார், குளிப்பார், சட்டை மாத்துவார், சாப்பிடுவார். சாயங்காலம் கூட்டம் சேந்ததும் டியூப்லைட்டை உடம்புல அடிச்சு உடைக்கிறது, கைய விட்டுட்டு ஓட்டுறது எல்லாம் உண்டு. ஜனங்க ஒரு ரூபா, ரெண்டு ரூபா நோட்டை ஊசி போட்டு அவர் சட்டையில குத்துவாங்க. அவர் பேரை மைக்ல நூறு தடவையாவது சொல்லியிருப்பாங்க. இப்போ எனக்கு அந்தப் பேர் ஞாபகம் இல்லை. இந்தப் பதிவை எழுத வெச்சதே அந்த உறுத்தல்தான்.

இப்ப சரித்திரம்.

நம்ம கிரவுண்டுல நடந்த மாதிரியே லண்டன்ல 1878லயே நடந்திருக்கு. இஸ்லிங்டன்ல வேளாண்மைக் கண்காட்சி நடக்கிற பெரிய மண்டபத்துக்குள்ள ஆறு நாள் சைக்கிள் போட்டி. அதென்ன கணக்கு ஆறு நாள்? ஞாயித்துக்கிழமை கர்த்தருக்கான நாள், அன்னிக்கு விளையாட்டு கூடாது. அவ்வளவுதான் விஷயம். பிறகு 1891ல் இந்தக் கூத்து நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்குப் போச்சு. ஒரே ஆள், ஆறு நாள், எத்தனை மணி நேரம் முடியுமோ அத்தனை மணி நேரம். தூக்கம் கெட்டுப்போய் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சு, யாரோ கல்லால அடிக்க வர்றாங்கன்னு கத்தினவங்க உண்டு. அதைப் பாக்கத்தான் கூட்டம் காசு கொடுத்து வந்தது. கடைசியில ஒரு ஆள் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல ஓட்டக்கூடாதுன்னு சட்டமே போட்டாங்க. போட்டி நடத்தினவங்க சும்மா இருப்பாங்களா? 1899லிருந்து ஒரு குழுவுக்கு ரெண்டு பேர், மாத்தி மாத்தி ஓட்டலாம்னு ஆக்கிட்டாங்க. ஒலிம்பிக்ஸ்ல இன்னிக்கும் 'மேடிசன்'னு ஒரு சைக்கிள் பந்தயம் இருக்கே, பேரு அங்கிருந்து வந்ததுதான்.

இதே சமயத்துல பிரான்ஸ்ல சைக்கிளை ரோட்டுக்குக் கொண்டுவந்தாங்க. 1891 செப்டம்பர்ல பியேர் ஜிஃபார்ங்கிற பத்திரிகைக்காரர் பாரிஸ்ல இருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பி வர்ற மாதிரி 1,200 கிலோமீட்டர் பந்தயம் வெச்சார். கிளம்பினவங்க 200 பேருக்கு மேல. ஜெயிச்சவர் ஷார்ல் தெரோன், 71 மணி 22 நிமிஷம். அவருக்கு முன்னாடி போய்க்கிட்டிருந்த ஜீல்-லாவல் திரும்பி வர்ற வழியில ஒரு ஊர்ல கண் அசந்தார். தெரோன் சத்தமில்லாம தாண்டிட்டார். அந்த 71 மணி நேரமும் அவர் தூங்கவே இல்லை. சைக்கிள் பழசாயிடுச்சு, ரோடு மாறிடுச்சு. நெடுந்தூரப் பந்தயத்துல எதிராளி தூக்கம்ங்கிறது மட்டும் அன்னிக்கே முடிவாயிடுச்சு.

1951க்கு அப்புறம் அது தொழில்முறைப் பந்தயமா நடக்கலை. இப்போ நாலு வருஷத்துக்கு ஒருமுறை, யார் முதல்ங்கிற கணக்கு இல்லாம, 90 மணி நேரத்துக்குள்ள முடிச்சாப் போதும்னு நடக்குது. அதுக்குத் தகுதி வாங்க 200, 300, 400, 600 கிலோமீட்டர்னு படிப்படியா ஓட்டணும். 200க்கு 13 மணி 30 நிமிஷம், 600க்கு 40 மணி. கையில ஒரு அட்டை. வழியில சொன்ன இடத்துல முத்திரை வாங்கணும். இந்தியாவிலும் இப்போ ஊர் ஊருக்கு இதை நடத்துறாங்க. 2019ல் பாரிஸுக்கு நம்ம ஆளுங்க நூத்துக்கணக்கில போனாங்க. எதிர்காத்து, ராத்திரிக் குளிர்னு வாட்டியெடுத்ததுல பெரும்பாலானவங்களால 90 மணிக்குள்ள முடிக்க முடியலை.

அதுக்காக நமக்கு இது புதுசுன்னு நினைச்சுடாதீங்க. 1923 அக்டோபர்ல பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிள்ல உலகம் சுத்தக் கிளம்பினாங்க. 1928 மார்ச்ல முழுசா முடிச்சுத் திரும்பினவங்க ஆதி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பம்காரா, மூணு பேர். சுமார் 71,000 கிலோமீட்டர். அவங்க புத்தகம் எழுதினாங்க. அதனாலதான் அவங்க பேரை இன்னிக்கு நான் டைப் அடிக்க முடியுது.

அமெரிக்காவுக்கு வருவோம். 1982ல் நாலே நாலு பேர் கலிபோர்னியாக் கடற்கரையிலிருந்து நியூயார்க் வரைக்கும் போட்டி போட்டாங்க. லான் ஹால்டிமன் 9 நாள் 20 மணி 2 நிமிஷத்துல முதலாவதா வந்தார். டிவியில காட்டினாங்க. அதுதான் இன்னிக்கு 'ரேம்'னு சொல்ற பந்தயம். 2015ல் நாசிக் மகாஜன் சகோதரர்கள் ரெண்டு பேர் குழுவா இதை முடிச்சாங்க. தனியா முடிச்ச முதல் இந்தியர் ராணுவ டாக்டர் ஸ்ரீனிவாஸ் கோகுல்நாத், 2017ல். அதே வருஷம் அமித் சமர்த்தும் முடிச்சார்.

அந்த நாலு பேர்ல ஒருத்தர் மைக்கேல் ஷெர்மர். 1983 பந்தயத்துல அவருக்குக் கழுத்துத் தசை செத்துப்போய்த் தலையை நிமித்தவே முடியலை. இப்போ அந்த வியாதிக்கே 'ஷெர்மர் கழுத்து'ன்னு பேர் வெச்சிருக்காங்க.

இதைப் படிச்சதும் எனக்கு அஸ்தம்பட்டி கிரவுண்டு ஞாபகம் வந்துடுச்சு. ஆறாவது நாள் நம்மாளு ஒரு கையை ஹேண்டில்பார்ல வெச்சு, இன்னொரு கையை மோவாய்க்கு முட்டுக் கொடுத்துக்கிட்டு சுத்தினார். நாங்க பசங்க அதை ஸ்டைலுன்னு நினைச்சு கை தட்டினோம்.

அன்னிக்கு ராத்திரி வீட்ல பெரிய விவாதம். 'பன்னண்டு மணிக்கு மேல இறங்கித் தூங்கிடுவானுங்க, எல்லாம் டூப்பு'ன்னு பக்கத்து வீட்டு மாமா. எங்கப்பா எதுவும் பேசலை. விடியக்காலம் மூணு மணிக்கு என்னை எழுப்பினார். 'வாடா, போய்ப் பாத்துட்டு வரலாம்.'

ஸ்பீக்கர் இல்லை, கூட்டம் இல்லை, ஒரே ஒரு குண்டு பல்பு. அவர் சுத்திக்கிட்டுத்தான் இருந்தார். கூடவே ஒரு அம்மா, சம்சாரமா இருக்கணும், நடந்துக்கிட்டிருந்தாங்க. அவர் கை அவங்க தோள் மேல. கண்ணு மூடியிருந்தது. கால் மட்டும் பெடலை மிதிச்சுக்கிட்டிருந்தது. அந்தம்மா எங்களைப் பாத்ததும் பயந்துட்டாங்க. 'சொல்லிப்போடாதீங்க சாமி, இறங்கலீங்க, சும்மா புடிச்சுக்கிட்டுத்தான்'னாங்க.

அப்பா பையிலிருந்து அஞ்சு ரூபா எடுத்து அந்தம்மா கையில கொடுத்தார். வர்ற வழியில நான் கேட்டேன், 'அப்பா, புடிச்சுக்கிட்டு ஓட்டினா ஏமாத்துதானே?' அப்பா சொன்னது, 'அவன் இறங்கலைடா. அந்தப் புள்ள ஆறு ராத்திரியா நடக்குது. அதை எவனும் மைக்ல சொல்லலை.'

இப்போ ஒரு சின்னக் கணக்கு. ஏழு நாள்னா 168 மணி நேரம். மணிக்கு 7 கிலோமீட்டர்னு வெச்சாக்கூட 1,176 கிலோமீட்டர். பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் 1,200. அங்க மேடு, பள்ளம், காத்து, மழை உண்டு. இங்க சமதரை, கிறுகிறுக்கிற வட்டம். ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரலை. ஆனா தூக்கம் ஒண்ணுதானே? ரேம் பந்தயத்துல வண்டி நிறைய ஆட்கள் பின்னாலயே வருவாங்க. சோறு கொடுக்க, வழி சொல்ல, தூங்கிடாம பேச்சுக் கொடுக்க. அஸ்தம்பட்டியில அத்தனை வேலையையும் ஒரு அம்மா செருப்பில்லாம செஞ்சாங்க.

போன தை மாசம் ஒரு ஆசை. அம்பது வயசுல 200 கிலோமீட்டர் ஓட்டிப் பாக்கலாம்னு. போட்டி இல்லை, அட்டை இல்லை, நானா வெச்சுக்கிட்ட பரீட்சை. காலையில 5 மணிக்கு அஸ்தம்பட்டி ரவுண்டானாவில கிளம்பி மல்லூர், நாமக்கல், பரமத்தி வேலூர்ல காவிரியைத் தாண்டி கரூர். திரும்ப அதே ரோடு. போகும்போது ராஜா மாதிரி போனேன். சேலத்திலிருந்து காவிரிக்கு மொத்தத்துல இறக்கம்ங்கிறது வரும்போதுதான் முழங்காலுக்குப் புரிஞ்சது. நாமக்கல் தாண்டினதும் லாரிங்க உரசிக்கிட்டுப் போக, மல்லூர் டீக்கடை பெஞ்சுல உக்காந்தேன். எழுந்திருக்க மனசே வரலை. வீட்டம்மா போன்ல, 'கார் எடுத்துட்டு வரச் சொல்லட்டுங்களா?'ன்னாங்க. 'வேண்டாம், பேசிட்டே இரு'ன்னேன். காதுல மாட்டாம, ஸ்பீக்கர்ல போட்டு சட்டைப் பையில வெச்சுக்கிட்டு வந்தேன். குழம்பு என்ன, கரண்ட் பில் எவ்வளவுன்னு அஸ்தம்பட்டி வரைக்கும் பேசிக்கிட்டே வந்தாங்க.

வந்து சேந்தப்போ மணி 6:52. கெடு 6:30. இருபத்திரெண்டு நிமிஷத்துல ஃபெயில் :-)

அந்த கிரவுண்டு இருந்த இடத்துல இப்போ கட்டடங்கள். அது எதிர்ல நின்னு தண்ணி குடிச்சப்போ ஒண்ணு தோணுச்சு. தெரோனுக்குப் பத்திரிகை இருந்தது. பம்பாய்க்காரங்களுக்குப் புத்தகம் இருந்தது. ஹால்டிமனுக்கு டிவி. நம்ம கிரவுண்டு ஆளுங்களுக்கு சட்டையில குத்தின ஒரு ரூபா நோட்டு மட்டும்தான். ஏழாம் நாள் மாலை போட்டு இறக்கினப்போ அவர் நிக்க முடியாம அந்தம்மா மேல சாஞ்சது எனக்குத் தெரியுது. பேர் தெரியலை.

உங்க ஊர் கிரவுண்டுல சுத்தினவர் பேர் உங்களுக்கோ உங்க அப்பாவுக்கோ ஞாபகம் இருந்தா, தயவுசெஞ்சு எங்கயாவது எழுதி வைங்க. கூட நடந்தவங்க பேரையும் சேத்து.