நிவாரணம் மிகுந்த ஊரில் தடுப்புக்கு இடமேது? கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தலைவலி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய தெருக்களில் தலைவலியோடு நடப்பவருக்கு நிவாரணம் தேடி அலைய வேண்டிய தேவையே இல்லை. மளிகைக்கடையில் பனடோல் அட்டை தொங்குகிறது. மருந்தகத்தில் அதைவிட வீரியமான வலிமாத்திரை கிடைக்கிறது. கோடாலித் தைலம் கல்லாப் பெட்டிக்கருகிலேயே இருக்கிறது. பார்வையற்றோர் பணிபுரியும் மசாஜ் நிலையங்களுக்கு இந்த வட்டாரம் பெயர் பெற்றது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் நிலைமை ஏறத்தாழ இதுதான். ஆனால் இத்தனை இடங்களில் ஒன்றிலாவது, மாதத்தில் எத்தனை நாள் தலை வலிக்கிறது, எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஒற்றைத் தலைவலியைப் பொறுத்தவரை இப்பகுதியின் சிக்கல் மருந்துப் பஞ்சம் அன்று. உடனடி நிவாரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே தடுப்பு மருத்துவத்தை ஓரங்கட்டிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நோயின் பரப்பு சிறியதன்று. உலக நோய்ச்சுமை ஆய்வின் 2016ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. ஆண்களைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு பெண்கள் இதற்கு ஆளாகிறார்கள். மலேசியாவின் நகரங்களிலும் கிராமங்களிலும் நடத்தப்பட்டு 1996இல் வெளியான சமூக ஆய்வொன்று, ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி கண்டோரைச் சுமார் 9 விழுக்காடு என்று கணித்தது. அந்த விகிதம் இன்றும் பொருந்துமானால், 80 லட்சத்துக்குக் குறையாத மக்கள் வாழும் கிள்ளான் பள்ளத்தாக்கில் மட்டும் ஏழு லட்சம் பேர் இதோடு வாழ்கிறார்கள். இவர்களில் பலர் தம் நோயைச் சைனஸ் என்றோ, பிரஷர் என்றோ, கண்ணாடி மாற்ற வேண்டிய குறை என்றோ எண்ணியிருப்பார்கள். இது வெறும் ஊகமன்று. தமக்குச் சைனஸ் தலைவலி என்று சொன்ன 2,991 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவில், 88 விழுக்காட்டினரின் அறிகுறிகள் ஒற்றைத் தலைவலியின் வரையறைக்குள்தான் அடங்கின. குமட்டல், வெளிச்சம் தாங்காமை, அன்றாட வேலை முடங்குதல் ஆகிய மூன்றையும் கேட்டாலே பெரும்பாலும் நோய் பிடிபட்டுவிடும். மின்னல் தாக்கியதுபோல் நொடியில் உச்சம் தொடும் வலி, கைகால் தளர்ச்சி, காய்ச்சலோடு கூடிய வலி, ஐம்பது வயதுக்குமேல் முதன்முதலாக வரும் வலி ஆகியவை மட்டும் வேறு கணக்கு, அவற்றுக்கு மருத்துவமனைதான்.

பனடோலில் உள்ள பாரசிட்டமால் இங்கே முதல் மாத்திரை ஆனதற்கு நியாயமான காரணம் உண்டு. நாட்டிலேயே டிங்கிக் காய்ச்சல் மிகுந்த மாநிலம் சிலாங்கூர். டிங்கியில் ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்றவை இரத்தக்கசிவுக்கு வழிவிடும் என்பதால், தலைவலி என்றால் பனடோலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது நல்ல பொதுச்சுகாதார அறிவுரை. காய்ச்சலுக்குச் சொன்ன அந்த அறிவுரை காய்ச்சலே இல்லாத ஒற்றைத் தலைவலிக்கும் பரவியதில்தான் கோளாறு. இரண்டு மணி நேரத்தில் வலி அறவே நீங்குவதை அளவுகோலாக வைத்துக் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வுகள் கணித்திருக்கின்றன: வெற்று மாத்திரை தரும் பலனுக்குமேல் ஒருவர் கூடுதலாகப் பயன்பெற, பாரசிட்டமால் 1,000 மில்லிகிராமை 12 பேர் விழுங்க வேண்டும், இபுபுரூபன் 400 மில்லிகிராம் என்றால் 7 பேர், சுமாட்ரிப்டான் 50 மில்லிகிராம் என்றால் 6 பேர் போதும். ஆக, எளிதில் கிடைக்கும் மாத்திரையே இவற்றுள் வலுக்குறைந்தது. வலு குறைந்தால் மறுபடி போடத் தோன்றும். அப்படியானால் வலுவான மருந்தைக் கொடுத்துவிட்டால் போதாதா என்றால், நம் சமூகத்தில் அதுவும் எளிதன்று. தேசிய உடல்நல ஆய்வுகளில் நீரிழிவு விகிதம் இந்தியரிடையேதான் உயர்ந்து நிற்கிறது. நீரிழிவு இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். இதயத் தமனி நோய் உள்ளவருக்குச் சுமாட்ரிப்டான் போன்ற டிரிப்டான் வகை கூடாது. சிறுநீரகம் பழுதானவருக்கு இபுபுரூபன் வகை கூடாது. நாற்பதைக் கடந்த தமிழர் பலருக்கு, வலி வந்தபின் போடும் மருந்துகளின் பட்டியல் இவ்வாறு சுருங்கிக்கொண்டே போகிறது. வலியை வரவிடாமல் செய்வதன் தேவை அந்த அளவுக்குக் கூடுகிறது.

நிவாரணத்தின் மிகுதி வீண்செலவோடு நிற்பதில்லை, நோயையே மாற்றிவிடக்கூடியது. சாதாரண வலிமாத்திரையை மாதம் 15 நாள்களுக்கும், கூட்டு மாத்திரை, டிரிப்டான், எர்கோட்டமின் ஆகியவற்றை 10 நாள்களுக்கும் குறையாமல் மூன்று மாதத்துக்குமேல் எடுப்பவருக்கு, மாதத்தில் பாதி நாள் தலைவலி நிலைத்துவிடும்போது அதை மருந்து மிகைத் தலைவலி என்று உலகளாவிய வகைப்பாடு அழைக்கிறது. பாரசிட்டமாலோடு காஃபீன் சேர்த்த மாத்திரையும் கூட்டு மாத்திரைதான். அதே தட்டில், அதே பெயரின் வால்போல ஒரு சொல் மட்டும் கூடி நிற்கும் அட்டையை எடுத்தால் வரம்பு ஐந்து நாள் குறைகிறது என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை, அட்டையும் சொல்வதில்லை. மூட்டுவாதத்துக்காக அன்றாடம் வலிமாத்திரை எடுப்பவர்களிடம், முன்பே ஒற்றைத் தலைவலி இருந்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இந்த விளைவு காணப்படுவதில்லை. பழி மாத்திரைக்கு மட்டும் உரியதன்று. ஒற்றைத் தலைவலி கொண்ட மூளையின் இயல்புக்கும் அதில் பங்குண்டு.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழுகிறது. தலைவலி பெருகுவதால்தான் மாத்திரை பெருகுகிறது, நீங்கள் காரணத்தையும் விளைவையும் தலைகீழாக நிறுத்துகிறீர்கள் என்பது அது. அமெரிக்காவில் 720 பேரிடம் நடத்தி 2022இல் வெளியான சோதனை இம்மறுப்புக்குக் கைகொடுப்பதுபோல் தோன்றும்: தடுப்பு மருந்தைத் தொடங்கியபின், மிகையாக எடுத்த வலிமாத்திரையை மாற்றிக் குறைத்தவர்களும் அப்படியே தொடர்ந்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் முன்னேறினார்கள். ஆனால் இரு குழுவுக்கும் தடுப்பு மருந்து கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வலிமாத்திரைமேல் பழி போடுவதில் நாம் கடுமை காட்டலாம், காட்டாமலும் போகலாம். தடுப்பை விட்டுவிடலாம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நார்வேயில் குடும்ப மருத்துவர்கள் மிகைப் பயன்பாட்டின் விளைவைச் சில நிமிடம் விளக்கியதாலேயே, அதைக் கேட்ட நோயாளிகளில் பாதிப்பேருக்கு நாள்பட்ட தலைவலி விலகியது என்று 2015இல் பதிவாகியிருக்கிறது. கருவியோ புது மருந்தோ தேவைப்படாத அந்தச் சில நிமிடங்கள்தான் நம் கிளினிக்குகளில் கிடைப்பதில்லை.

பாரம்பரிய மருத்துவத்தின் பக்கம் நிற்பவர்கள் வேறொரு மறுப்பை வைப்பார்கள். மலேசியாவின் 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய மருத்துவச் சட்டம் சித்தா, ஆயுர்வேதம் உள்ளிட்ட இந்திய மருத்துவத்துக்கு இடம் தந்திருக்கிறது. 2007 முதல் சில அரசு மருத்துவமனைகளிலும் பாரம்பரிய மருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. இவற்றை ஒரே மூச்சில் தள்ளிவிடுவது ஆய்வு மனப்பான்மை ஆகாது. 1996இல் ஜெர்மனியில் நடந்த சோதனையில், நெற்றியில் பூசிய புதினா எண்ணெய் இறுக்கத் தலைவலிக்குப் பாரசிட்டமாலுக்கு நிகராக நின்றது. தைலம் தேய்க்கும் பாட்டிக்கு இது சிறு வெற்றிதான். ஆனால் அது இறுக்கத் தலைவலி, ஒற்றைத் தலைவலி அன்று. இஞ்சித்தூள் சுமாட்ரிப்டானுக்கு இணை என்று 2014இல் ஈரானிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஆனால் பிரேசிலில் அன்றாடம் இஞ்சி கொடுத்துப் பார்த்தபோது, வெற்று மாத்திரையைவிட அது வலியைத் தடுக்கவில்லை. வந்த வலியைத் தணிப்பதும் வரவிருக்கும் வலியைக் குறைப்பதும் வேறு வேறு திறன்கள். சுக்குப் பற்றும் தைலமும் முதலாவதில் ஓரளவு உதவலாம். அவற்றைத் தடுப்பு என்று கொண்டால், பனடோல் வாங்கிய இடத்தில் தைலத்தை வைத்ததாகவே முடியும்.

தூண்டுகாரணி என்ற பெயரில் நீளும் உணவுப் பட்டியல்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சாக்லேட்டைக் கண்கட்டுச் சோதனையில் கொடுத்தபோது, அதையொத்த போலிப் பண்டத்தைவிட அதிகமாகத் தலைவலி வரவில்லை. டென்மார்க்கில் வெளிச்சமும் உடற்பயிற்சியுமே தங்களுக்குப் பகை என்று நம்பிய 27 பேரை அவற்றுக்கே ஆட்படுத்தியபோது, முன்னறிகுறியோடு கூடிய தாக்குதல் மூவருக்கே வந்தது. தாக்குதல் தொடங்கிய பிறகுதான் வெளிச்சம் உறுத்துகிறது, இனிப்பில் ஆசை எழுகிறது. நோயின் முதல் படியை அதன் காரணமாக எண்ணிவிடுகிறோம். ஒழுங்கு குலைவது மட்டும் மெய்யான காரணியாகத் தெரிகிறது. இஸ்ரேலில் ரமலான் நோன்பிருந்த 32 ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு, நோன்பு மாதத்தில் வலி நாள்கள் சராசரி 9.4, நோன்பில்லா மாதத்தில் 3.7. புரட்டாசிச் சனிக்கும் தைப்பூசத்துக்கும் விரதமிருப்போரை இப்படி எண்ணிப் பார்ப்பது நம் பல்கலைக்கழகங்களுக்கு உகந்த ஆய்வுப்பொருள். விரதத்தை விடச் சொல்ல வேண்டியதில்லை. விரத நாளில் காஃபீன் திடீரென நின்றுவிடாதபடி தேநீர் அளவை முன்கூட்டியே குறைப்பதும் தூக்கத்தைக் காப்பதும் முதலில் செய்யத்தக்கவை.

ஆனால் தொழிற்சாலையில் வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்டில் நிற்பவரிடம் ஒழுங்காகத் தூங்கு என்று சொல்வதில் பொருளில்லை என்ற மறுப்பை நான் முழுதும் ஏற்கிறேன். வேலைச் சட்டப்படி ஊழியருக்கு ஆண்டுக்கு 14 முதல் 22 நாள் மருத்துவ விடுப்பு உண்டு. ஆனாலும் எம்சி என்னும் அந்த மருத்துவ விடுப்பை எடுத்தால் வருகைப்படி போகும் இடங்களில் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போவதே கணக்குப்படி சரி. கிளினிக்குக்குப் போகும் காரணமும் பெரும்பாலும் எம்சிதான்: ஒரு நாள் சான்று, மூன்று நாள் மாத்திரை. வலி இல்லாத நாளில் மருத்துவரைப் பார்க்க எந்த முதலாளியும் தாள் கேட்பதில்லை, எனவே யாரும் போவதில்லை. இத்தகையவருக்கு வாழ்க்கைமுறை அறிவுரையைவிடத் தடுப்பு மாத்திரையே நேர்மையான வழி.

தினமும் இன்னொரு மாத்திரையா என்ற தயக்கம் புரியக்கூடியது. ஆனால் மாதத்தில் நான்கு நாளுக்குமேல் முடங்குபவர் ஏற்கெனவே மாத்திரையில்தான் இருக்கிறார், கணக்கில்லாமல். புரோப்ரனலோல், அமிட்ரிப்டிலின் இரண்டும் பழைய, விலை குறைந்த மருந்துகள். முன்னது ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது. 2014இல் நார்வேயில் நடந்த ஒப்பீட்டில், இரத்த அழுத்தத்துக்குத் தரும் கேண்டசார்டன் 16 மில்லிகிராம் புரோப்ரனலோலுக்குக் குறையாமல் ஒற்றைத் தலைவலியைத் தடுத்தது. பிரஷருக்கு எப்படியும் மாத்திரை எடுக்க வேண்டியவருக்கு, கருவுறும் வாய்ப்பு இல்லையென்றால், அந்த ஒரே மாத்திரை இரு வேலையும் செய்யும். இதற்கு நரம்பியல் நிபுணரின் வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை. குடிமக்களிடம் ஒரு ரிங்கிட் வாங்கும் அரசுச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில், பிரஷர் அட்டையைப் புதுப்பிக்க வந்தவரிடம் தலைவலி நாள்களையும் மாத்திரை நாள்களையும் கேட்டு அதே அட்டையில் எழுதினால் தொடங்கிவிடலாம்.